தகவலியல் முதுநிலைப் படிப்பில் சிறப்புப் பிரிவை முறைப்படி பதிவு செய்து பெற வேண்டுமா, பாடங்களை மட்டும் படித்தால் போதுமா?

கேள்வி: ஏடுதேடி

அனைவருக்கும் வணக்கம். தகவலியலில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டப்படிப்பின் முதல் பருவத்தை இப்போதுதான் முடித்திருக்கிறேன். இளநிலையில் வரலாறு படித்தவன். ஆவணக் காப்பகப் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். ஆனால் முதல் பருவத்தில் பயனர் ஆய்வு பற்றிய கட்டாயப் பாடத்தைப் படித்தபோது, ஒருவர் தமக்கு வேண்டிய தகவலை எப்படித் தேடுகிறார், எந்த இடத்தில் சலித்துப்போய்த் தேடலைக் கைவிடுகிறார் என்று கவனிக்கும் வேலையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கள் பட்டத்துக்கு மொத்தம் 48 கிரெடிட் தேவை. ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்பதால் 16 பாடங்கள், பருவத்துக்கு நான்கு. அவற்றில் ஆறு கட்டாயப் பாடங்கள், நான்கை முடித்துவிட்டேன். ஆவணக் காப்பகச் சிறப்புப் பிரிவைப் பெற ஐந்து பாடங்களைக் குறிப்பிட்ட தரத்துக்குக் குறையாமல் முடிக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று களப்பயிற்சி. அப்படி முடித்தால் மதிப்பெண் பட்டியலில் சிறப்புப் பிரிவின் பெயர் இடம்பெறும். பட்டச் சான்றிதழில் அது வராது.

அதே ஐந்து பாடங்களைச் சிறப்புப் பிரிவு என்று பதிவு செய்யாமலேயே விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு. அவ்வாறிருக்க, மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் வரப்போகும் ஒரு வரிக்காக என்னை நானே கட்டிப்போட்டுக்கொள்வது அறிவுடைமையாகுமா என்பதே என் முதல் ஐயம். பயனர் அனுபவம் என்று இன்னொரு சிறப்புப் பிரிவும் எங்கள் துறையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பெற விதி இடம் தருகிறது. ஒரே ஒரு பாடத்தை இரண்டு கணக்கிலும் காட்டிக்கொள்ளலாம். ஆசைப்படலாமா? இத்துறையில் பணியாற்றுவோரும், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் அமர்ந்தோரும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: காப்பறைக் காவலன்

வணக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஆவணக் காப்பகப் பணியில் இருக்கிறேன். தேர்வுக் குழுக்களிலும் பலமுறை அமர்ந்திருக்கிறேன்.

முதலில் சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ‘சிறப்புப் பிரிவு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. உங்கள் நிலையைப்போல், அதே பட்டத்துக்குள் சில பாடங்களைத் தொகுத்துப் படித்து மதிப்பெண் பட்டியலில் குறிப்புப் பெறுவது ஒன்று. பட்டத்தோடு சேர்த்தோ தனியாகவோ வழங்கப்படும் சான்றிதழ் இன்னொன்று. அதற்குத் தனி விண்ணப்பமும், சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு. மூன்றாவது, அத்துறைக்கே உரிய தனிப் பட்டம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1981-இல் தொடங்கிய ஆவணக் காப்பகவியல் முதுநிலைப் பட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே நூலகவியலையும் சேர்த்து இரட்டைப் பட்டமாகப் படிக்கவும் வழியுண்டு. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் ‘சிறப்புப் பிரிவு கட்டாயம் வேண்டும்’ என்று ஒருவரும் ‘அதனால் ஒரு பயனும் இல்லை’ என்று இன்னொருவரும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். இருவரும் பேசுவது வெவ்வேறு பொருளைப் பற்றி.

இனி உங்கள் கேள்வி. தேர்வுக் குழுவில் அமர்ந்திருக்கும்போது மதிப்பெண் பட்டியலில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து நான் யாரையும் அழைத்ததில்லை, அது இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கியதுமில்லை. நான் பார்ப்பது வேறு. ஒழுங்குபடுத்தப்படாத முப்பது பெட்டிக் காகிதங்களை இவரிடம் ஒப்படைத்தால், முதல் நாளே அவற்றைத் தேதிவாரியாகக் கலைத்து அடுக்கிவிடுவாரா, அல்லது அவற்றை உருவாக்கியவர் எந்த வரிசையில் வைத்திருந்தார் என்று முதலில் தேடுவாரா? 1841-இல் பிரான்சில் வெளியான சுற்றறிக்கை ஒன்றிலிருந்து வளர்ந்த கொள்கை இது. ஓர் அமைப்பிடமிருந்தோ ஒரு குடும்பத்திடமிருந்தோ வந்த ஆவணங்களைப் பிறருடையவற்றோடு கலக்காமல் ஒரே தொகுதியாகப் பேண வேண்டும் என்பதே அதன் சாரம். மூல வரிசையைக் காக்க வேண்டும் என்ற விதி பின்னர் அதனோடு சேர்ந்தது. இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். பெட்டியின் முன் நிற்கும்போது கை அதன்படி நடக்க வேண்டும். அதற்கு ஒரு பாடம் போதாது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று நான்கு பாடங்களும், ஒரு காப்பகத்தில் உட்கார்ந்து செய்த வேலையும் வேண்டும்.

சிறப்புப் பிரிவின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தன் விருப்பப்படி பாடம் எடுக்கும் மாணவர், அந்தந்தப் பருவத்தில் எது சுவையாகத் தெரிகிறதோ அதையே எடுப்பார்; கடைசியில் ஐந்து முன்னுரைகளைப் படித்தவராக வெளியே வருவார். சிறப்புப் பிரிவோ முன்தகுதிப் பாடங்களின் சங்கிலி. ஆவணவியல் அறிமுகம் முடித்தால்தான் ஒழுங்குபடுத்தலும் விவரித்தலும், அதை முடித்தால்தான் மின்னணு ஆவணங்கள், பிறகு களப்பயிற்சி. நீங்கள் ‘கட்டிப்போடுவது’ என்று சொன்னீர்களே, அந்தக் கட்டுத்தான் படிப்பைக் கோவையாக்குகிறது.

ஆகவே உங்கள் துறையின் விதிநூலை எடுத்து, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய பதிப்பு எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதுண்டு. பொதுவாக ஒருவர் சேர்ந்த ஆண்டின் விதியே அவரைக் கட்டுப்படுத்தும். பிறகு ஒவ்வொரு பாடமும் எந்தெந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறது என்று பார்த்து, கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வாருங்கள். இக்கணக்கை முன்னோக்கிப் போட்டவர்கள் பெரும்பாலும் மூன்றாம் பருவத்தில்தான் தவறைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மறுமொழி: வரிதவறியவன்

மேலே எழுதியவரின் கருத்தோடு உடன்படுகிறேன். அந்த ஒரு வரியை இழந்தவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்லலாம்.

நான் படித்த இடத்தில், சிறப்புப் பிரிவுக்கான எல்லாப் பாடங்களையும் நல்ல தரத்தோடு முடித்தேன். பாடங்களை முடித்தாலே பதிவேடு தானாகக் கண்டுகொண்டு குறிப்பைச் சேர்த்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அதற்கென ஓர் அறிவிப்புப் படிவம் இருந்ததும், பட்டம் பெறும் பருவத்துக்கு முந்தைய பருவத்துக்குள் ஆலோசகரின் கையொப்பத்தோடு அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதும், பட்டம் வழங்கப்பட்ட பின்னர் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தன. பட்டம் வழங்கியாயிற்று என்றால் அந்தப் பதிவேடு மூடப்பட்டுவிட்டது என்று பொருள். அதன் பிறகு அதில் எதையும் சேர்க்க இயலாது என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. விதி எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பட்டியலில் இருந்த ஒரு பாடம் அந்த ஆண்டு நடத்தப்படாததால், அதற்கு ஈடாக வேறொரு துறையின் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அவர் பணியிலிருந்து விலகிய பிறகு, அப்படி ஓர் ஒப்புதல் தரப்பட்டதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. படிவத்தை உரிய நேரத்தில் கொடுத்திருந்தாலும்கூட இந்த இடத்தில் இடறியிருப்பேன். ஆவணவியல் படித்தவன் தன் சொந்த ஆவணத்தைப் பேணாமல் விட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது.

எனவே ஏடுதேடி, பதிவு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தயங்கினால், பதிவு செய்துவிட்டுத் தயங்குங்கள். பெரும்பாலான இடங்களில் பதிவு செய்த சிறப்புப் பிரிவைப் பின்னர் விலக்கிக்கொள்ள ஒரு படிவம் போதும். விட்டுப்போனதைப் பின்னர் சேர்ப்பதுதான் கடினம். ஈட்டுப் பாடம் எதுவாயினும் ஒப்புதலை மின்னஞ்சலில் பெற்று, அதன் படியைப் பதிவாளர் அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

மறுமொழி: பகுப்பெண்

நான் நூற்பட்டியலாக்கத்திலும், நூலையோ கோப்பையோ விவரிக்கும் தகவலான மெட்டாடேட்டாப் பணியிலும் இருப்பவள். காப்பறைக் காவலன் ஐயா சொன்ன சங்கிலி உவமையை ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட மறுபக்கம் ஒன்று உண்டு.

இத்துறையில் பெயர்கள் நிலைப்பதில்லை. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளி 1974-இல் தன் பெயரைத் தகவலியல் பள்ளி என்று மாற்றிக்கொண்டபோது அது புதுமையாக இருந்தது. பின்னர் ஒவ்வொரு பள்ளியாக அவ்வழியில் சென்றது. மிச்சிகன் 1996-இல் பெயரிலிருந்து ‘நூலகம்’ என்ற சொல்லையே நீக்கியது. பள்ளிகளின் பெயருக்கே இந்த நிலை என்றால், உள்ளே இருக்கும் சிறப்புப் பிரிவுகளின் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ‘மின்னணு நூலகம்’ என்றிருந்தது இன்று ‘தரவுப் பேணல்’ ஆகிறது. பத்தாண்டு கழித்து உங்கள் மதிப்பெண் பட்டியலைப் படிப்பவருக்கு அந்தப் பெயர் புரியாமலும் போகலாம். அப்போது நீங்கள் படித்த பாடங்களின் பெயர்களும், நீங்கள் செய்து காட்டிய வேலையும்தான் உங்களுக்காகப் பேசும்.

வெளியார் எதை அங்கீகரிக்கிறார்கள் என்பதையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் உள்ள முதுநிலைப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் வழங்குகிறது. அந்த அங்கீகாரம் பட்டப்படிப்புக்கு உரியதே தவிர, அதற்குள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பிரிவுக்கு உரியதன்று. அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கமோ, ஆவணவியல் முதுநிலைக் கல்வி எப்படி அமைய வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிடுகிறது. எந்தப் படிப்புக்கும் அது அங்கீகாரம் வழங்குவதில்லை. தனிமனிதருக்குச் சான்று வழங்குவது 1989-இல் தோன்றிய இன்னோர் அமைப்பு: தேர்வெழுதிச் ‘சான்றுபெற்ற ஆவணக் காப்பாளர்’ என்ற தகுதியைப் பெறலாம், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே பல்கலைக்கழகம் தரும் சிறப்புப் பிரிவு என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் சொல் மட்டுமே. அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று நான் கூறவில்லை. அதைத் தொழில் உரிமமாக எண்ணி ஏமாறக் கூடாது என்கிறேன். விதிவிலக்காகப் பள்ளி நூலகப் பிரிவைச் சொல்லலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பள்ளி நூலகராவதற்கு மாநிலம் வழங்கும் சான்று தேவை. அதைப் பெறுவதற்கு வகுக்கப்பட்ட பாட வரிசையைப் பின்பற்றியே ஆக வேண்டும். அங்கே முறைப்படி பதிவு செய்வதா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை ஒரே கூண்டில் அடைக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே கண்டு பின்னர் இணைத்துக் காட்டுகிறது. மாணவரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஒரு சிறப்புப் பிரிவை முழுமையாக முடியுங்கள். மிச்சமிருக்கும் இடத்தை இரண்டாவது சிறப்புப் பிரிவுக்குக் கொடுக்காமல், முதற் பிரிவு உங்களுக்குக் கற்றுத்தராத திறன்களுக்குக் கொடுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஆவணவியல் மாணவர்கள் சிலருக்கு, பன்னாட்டு ஆவண விவரண விதியின் 26 கூறுகளும் மனப்பாடம். அவற்றில் ஆறு மட்டும் எந்த விவரணத்துக்கும் இன்றியமையாதவை என்பதும் தெரியும். ஆனால் அதே விவரத்தை ஒரு நூலகத் தேடுதளத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தால், 1995-இல் பிறந்த டப்ளின் கோர் என்ற எளிய விவரணத் தரத்தின் 15 கூறுகளில் எது எதற்கு நேர் என்று பொருத்திக் காட்டத் தடுமாறுவார்கள். பட்டியலாக்கத்தில் ஒரு பாடம், தரவுத்தளத்தில் ஒரு பாடம், சிறு நிரல்கள் எழுதும் அளவுக்குப் பைத்தானில் ஒரு பாடம்: இவை மூன்றும் இரண்டாவது சிறப்புப் பிரிவின் பெயரைவிட உங்களுக்கு அதிகம் உழைக்கும்.

ஏடுதேடி எழுதியது

மூவருக்கும் நன்றி. வரிதவறியவன் எழுதியதைப் படித்த உடனே விதிநூலைத் திறந்தேன். எங்கள் இடத்திலும் அறிவிப்புப் படிவம் இருக்கிறது. மூன்றாம் பருவம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

பாடங்கள் நடத்தப்படும் பருவங்களையும் பார்த்தேன். ஆவணவியல் அறிமுகம் எல்லாப் பருவத்திலும் உண்டு. ஒழுங்குபடுத்தலும் விவரித்தலும் ஆண்டின் முதற்பாதியில் மட்டும், அதாவது எனக்கு மூன்றாம் பருவத்தில். மின்னணு ஆவணங்கள் பற்றிய பாடம் ஆண்டின் பிற்பாதியில் மட்டும். அதற்கு முன்தகுதி விவரித்தல் பாடம். களப்பயிற்சி 120 மணி நேரம்; அதற்கும் அதே முன்தகுதிதான். ஐந்தாவது, பட்டியலிலிருந்து ஏதேனும் ஒன்று. களப்பயிற்சிக்குப் பதிலாக ஆய்வேடு எழுதவும் இடமுண்டு என்று ஒரு துணைவிதி சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை.

மறுமொழி: காப்பறைக் காவலன்

நீங்கள் தந்த விவரங்களைக் கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மிச்சம் பன்னிரண்டு பாடங்கள். கட்டாயப் பாடம் இரண்டு, சிறப்புப் பிரிவு ஐந்து. போக ஐந்து பாடங்கள் உங்கள் விருப்பத்துக்கு. இரண்டாவது சிறப்புப் பிரிவுக்கு ஐந்து வேண்டும், ஒன்றைப் பொதுவாகக் காட்டலாம் என்றால் நான்கு; ஆகவே எண்ணிக்கை அளவில் இரண்டும் முடியும், ஒரு பாடம் மிஞ்சவும் செய்யும். தாளில் அழகான கணக்கு.

ஆனால் பருவங்களாகப் பிரித்தால் தெரியும். இரண்டாம் பருவத்தில் அறிமுகத்தை எடுத்தே ஆக வேண்டும். தவறினால் மூன்றாம் பருவத்தில் விவரித்தல் பாடத்தில் சேர முடியாது, அது அடுத்த முறை வரும்போது நீங்கள் படிப்பையே முடித்திருப்பீர்கள். நான்காம் பருவத்தில் மின்னணு ஆவணங்களும் களப்பயிற்சியும் ஒன்றாக வந்து உட்காருகின்றன. கட்டாயப் பாடங்களில் ஒன்று இறுதிப் பருவக் கருத்தரங்காக இருக்கக்கூடும். பயனர் அனுபவப் பிரிவுக்கு நிறைவுத் திட்டப்பணி ஒன்று இருந்தால் அதுவும் அங்கேதான் வரும். நான்கு பாடங்களில் ஒன்றுகூட இலேசானதாக இராது. 120 மணி நேரத்தைப் பதினைந்து வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் எட்டு மணி நேரம், அதாவது ஒரு முழு வேலைநாள். போக்குவரத்து நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. இந்தச் சங்கிலியில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால், காய்ச்சலில் படுத்தாலோ ஒரு பாடம் நடத்தப்படாமல் போனாலோ, ஈடுகட்ட வேறு பருவம் இல்லை. ஆகவே பகுப்பெண் அம்மா சொன்னதையே நானும் சொல்கிறேன்: ஒன்று போதும். பயனர் ஆய்வில் உங்களுக்குள்ள ஈடுபாட்டைக் கைவிட வேண்டாம். இரண்டாம் பருவத்தில் மிஞ்சும் இடங்களில் அதற்கு ஒன்றிரண்டு பாடங்கள் எடுங்கள். ஆவணக் காப்பகங்களின் தேடுகருவிகள், அதாவது எந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது என்று காட்டும் விவரணப் பட்டியல்கள், பெரும்பாலும் காப்பாளர்களுக்காகக் காப்பாளர்களே எழுதியவை. வாசகர் அவற்றில் எங்கே வழிதவறுகிறார் என்று கவனிக்கத் தெரிந்த ஒருவர் எங்கள் துறைக்கு மிகவும் வேண்டியவர்.

களப்பயிற்சியா, ஆய்வேடா என்ற கேள்வி எளிது, நீங்கள் முனைவர் பட்டத்துக்குச் செல்லும் எண்ணத்தில் இல்லாவிட்டால். முனைவர் பட்டம் மனத்தில் இருந்தால் ஆய்வேடு எழுதுங்கள்; உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் ஆசிரியர் உங்கள் நீண்ட எழுத்து ஒன்றைப் படித்திருக்க வேண்டும். வேலைக்குத்தான் செல்லப்போகிறீர்கள் என்றால் களப்பயிற்சியை விடவே விடாதீர்கள். ஆனால் எந்தக் களப்பயிற்சி என்பதில் கவனம் வேண்டும். 120 மணி நேரமும் காகிதத்திலிருந்து ஊக்குகளைக் கழற்றி உறையில் போடும் வேலையிலேயே கழிந்துவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வேலை இழிவானதன்று, நானும் செய்கிறேன். ஆனால் அதைக் கற்க ஒரு வாரம் போதும். பயிற்சி தொடங்குமுன் வழிநடத்துநரோடு பேசி, முடியும்போது உங்கள் கையால் உருவான ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள்: ஒரு சிறு தொகுதியின் முழு விவரணப் பட்டியல், அல்லது பழைய வட்டுகளிலிருந்த கோப்புகளை, அவை மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத்தொகையைக் கணக்கிட்டுப் படியெடுத்ததற்கான நடைமுறைக் குறிப்பு.

பின்னதற்கு வாய்ப்புக் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். மின்னணு ஆவணப் பாடத்தில் தகவலை நெடுங்காலம் பேணுவதற்கான திறந்த ஆவணத் தகவல் அமைப்பு (OAIS) என்ற மாதிரியைப் படிப்பீர்கள். விண்வெளித் தரவுகளைக் கையாளும் நிறுவனங்களின் கூட்டுக் குழு வகுத்த அது, 2003-இல் பன்னாட்டுத் தரம் ஆயிற்று. ஒப்படைக்கும் பொதி, பேணும் பொதி, வழங்கும் பொதி என்று அது மூன்றாகப் பிரிப்பதைத் தேர்வுக்காக எவரும் எழுதிவிடலாம். திறக்க மறுக்கும் ஒரு பழைய கோப்பை வைத்துக்கொண்டு, எதைப் பேணும் பொதியில் சேர்ப்பது, மூலக் கோப்பையா, மாற்றிய படியையா, இரண்டையுமா என்று ஒருநாள் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டவருக்குத்தான் அந்தப் பிரிவினை ஏன் தேவைப்பட்டது என்பது தெரியும்.

மறுமொழி: ஓரக்குறிப்பு

ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். தன்விவரக் குறிப்பில் சிறப்புப் பிரிவை எழுதும்போது, மதிப்பெண் பட்டியலில் எந்தச் சொற்களில் இருக்கிறதோ அதே சொற்களில் எழுதுங்கள். பதிவு செய்யாமல் பாடங்களை மட்டும் படித்திருந்தால் ‘சிறப்புப் பிரிவு’ என்று எழுதாதீர்கள். ‘ஆவணவியலில் ஐந்து பாடங்கள்’ என்று பாடங்களின் பெயர்களோடு எழுதுங்கள். அதில் குறைவொன்றுமில்லை. மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது பொருந்தாத ஒரு சொல் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மூல ஆவணத்தைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்களிடம் விண்ணப்பிக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

இன்னொன்று: சிறப்புப் பிரிவுக்கான தரம் பாடத்துக்குப் பாடம் பார்க்கப்படுகிறதா, ஐந்து பாடங்களின் சராசரியாகவா என்று விதிநூலில் பாருங்கள். தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் மதிப்பிடப்படும் களப்பயிற்சி அந்தச் சராசரியில் சேராது என்பதால், மற்ற நான்கின் எடை கூடிவிடும்.

ஏடுதேடி எழுதியது

பாடத்துக்குப் பாடம்தான் பார்க்கிறார்களாம். ஆலோசகரிடம் கேட்டு மின்னஞ்சலில் பதில் பெற்றுவிட்டேன். ஆவணக் காப்பகச் சிறப்புப் பிரிவை மட்டும் அறிவித்து இன்று படிவத்தைக் கொடுத்தேன். இரண்டாம் பருவத்துக்கு ஆவணவியல் அறிமுகம், தரவுத்தளம், பயனர் ஆய்வில் அடுத்த நிலைப் பாடம், ஒரு கட்டாயப் பாடம் என்று பதிவு செய்திருக்கிறேன். பட்டியலாக்கத்தை மூன்றாம் பருவத்துக்கு வைத்திருக்கிறேன். பகுப்பெண் அவர்கள் சொன்ன பைத்தானுக்கு இடம் தேட வேண்டும். பழைய வட்டுகளோடு போராடும் காப்பகம் எது என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். படிவத்தின் படி என்னிடம் இரண்டு இடங்களில் இருக்கிறது.